திண்டுக்கல் பெயரில் ஒரு கிளப்

சம்பளம் பெற்று ஆடும் வீரர்களைக் கொண்ட தொழில்முறை விளையாட்டுக் கிளப் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாகச் சென்னையையே சுற்றிவந்த நிலையில், 2016 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) என்னும் இருபது ஓவர் கிரிக்கெட் போட்டி அந்த வழக்கத்தை ஓரளவு தளர்த்தி, மாவட்டத் தலைநகரங்கள் சிலவற்றின் பெயரில் கிளப்புகள் தோன்ற வழிசெய்தது. அப்படித் தோன்றிய எட்டு கிளப்புகளில் ஒன்றுதான் திண்டுக்கல் டிராகன்ஸ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்ததும், 2014இல்தான் மாநகராட்சியாக உயர்ந்ததும், பூட்டுத் தொழிலாலும் தோல் பதனிடும் தொழிலாலும் பிரியாணியாலும் அறியப்பட்டதுமான ஒரு நகரத்துக்குத் தொழில்முறை கிளப் வாய்த்தது எப்படி, அதே காலத்தில் அதே வாய்ப்பைப் பெற்ற வேறு சில ஊர்கள் அதை இழந்தபோது திண்டுக்கல் மட்டும் தக்கவைத்துக்கொண்டது எதனால் என்பவை ஆராயத்தக்க கேள்விகள்.

தொழில்முறை கிளப் என்ற சொல் ஊருக்கு ஊர் வேறு பொருள் தருவது. ஐரோப்பாவில் அது பெரும்பாலும் ஊராரின் சங்கமாகப் பிறந்து, பிறகு பணம் புழங்கும் நிறுவனமாக வளர்ந்த ஒன்றாகும். பிரான்சின் லிமோஜ் நகரம் இதற்கு நல்ல சான்று. பீங்கான் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற, திண்டுக்கல்லைவிடவும் சிறிய அந்நகரில் 1929இல் தொடங்கப்பட்ட செர்க்கிள் சென்-பியேர் என்ற சங்கத்தின் கூடைப்பந்து அணி, 1993 ஏப்ரலில் ஏதென்சில் நடந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் பெனட்டன் திரெவிசோ அணியை 59-55 என வீழ்த்தி, ஐரோப்பியக் கிளப் கோப்பையை வென்றது. எந்தக் குழு விளையாட்டிலும் அதுவரை ஒரு பிரெஞ்சுக் கிளப்பும் அந்த உயரத்தை எட்டியதில்லை. பத்தே ஆண்டுகளில் பணநெருக்கடியில் மூழ்கி, 2004இல் மூன்றாம் நிலைப் போட்டிக்குத் தள்ளப்பட்ட அதே கிளப், ஊரார் கைவிடாததால் மெல்ல எழுந்து 2014இலும் 2015இலும் மீண்டும் பிரெஞ்சுச் சாம்பியன் ஆனது. உரிமையாளர்கள் மாறினாலும் கிளப் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதே அங்குக் கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் தொழில்முறை கிளப் வேறு வகையில் பிறக்கிறது. போட்டியை நடத்தும் அமைப்பு முதலில் எட்டு அல்லது பத்து இடங்களை உருவாக்கி, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஊரின் பெயரைச் சூட்டி, அந்த இடத்தை நடத்தும் உரிமையை ஏலத்தில் விற்கிறது. வாங்கும் நிறுவனம் கட்டணம் செலுத்தி, அணியை அமைத்து, விளம்பரத்திலும் ஒளிபரப்பு வருவாயின் பங்கிலும் செலவை மீட்க முயல்கிறது. ஃபிரான்சைஸ் என்று சொல்லப்படுவது இந்த உரிமையைத்தான். இதில் ஊர் என்பது முதலில் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. அது உறவாக மாறுவதும் மாறாமல் போவதும் பின்னால் நடப்பதைப் பொறுத்தது.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஊரே முன்னின்று விளையாட்டை வளர்க்கும் வழக்கம் இல்லாமல் இருந்ததில்லை. பழைய மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்து இன்று தேனி மாவட்டத்தில் உள்ள பெரியகுளத்தில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் உள்ளூர்ச் சங்கம் கோடைதோறும் நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது முறைக்கும் மேல் நடந்துள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வங்கி, ரயில்வே, படைத்துறை அணிகள் அங்கு வந்து ஆடுகின்றன. ஆயினும் அது போட்டி நடத்தும் சங்கமாகவே நின்றதேயன்றி, வீரர்களுக்கு ஊதியம் தந்து ஆண்டு முழுதும் அணி வைத்திருக்கும் கிளப்பாக வளரவில்லை. வளர்வதற்கான தேசிய லீக் நிலைத்திருக்கவும் இல்லை; 2015இல் தொடங்கிய யுபிஏ கூடைப்பந்து லீக் சில பருவங்களோடு நின்றுபோயிற்று, அதில் தமிழ்நாட்டின் சார்பில் ஆடிய சென்னை ஸ்லாம் அணியும் தலைநகரின் பெயரையே தாங்கியிருந்தது. எனவே சிறுநகரம் ஒன்றுக்குத் தொழில்முறை கிளப் வாய்க்க வேண்டுமானால், அது பணம் புழங்கும் கிரிக்கெட்டின் வழியாகவே வாய்க்கக்கூடியதாக இருந்தது.

கிரிக்கெட்டிலும் மாவட்டங்களின் நிலை எளிதாக இருந்ததில்லை. தமிழ்நாடு அணிக்கான வீரர்கள் பெரும்பாலும் சென்னை லீக் என்று அழைக்கப்படும் டிவிஷன் போட்டிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்தப் போட்டிகளில் நிறுவனங்களின் ஆதரவு பெற்ற அணிகளே வலுவாக இருந்தன. ஆகவே நத்தத்திலோ பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ பிறந்த ஒரு பையன் தேர்வாளர் கண்ணில் படவேண்டுமானால், சென்னைக்குப் போய், தங்க இடம் தேடி, ஏதேனும் ஒரு டிவிஷன் அணியில் இடம்பிடித்தாக வேண்டும். கிராமங்களிலும் சிறுநகரங்களிலும் பெரும்பாலோர் ஆடுவது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அந்தப் பந்து மலிவானது, கால்காப்பு கையுறை தேவைப்படாதது, கண்மாய்த் தரையிலும் ஆடக்கூடியது; ஆனால் தோல் பந்துக்கு உரிய தையல் விளிம்பு அதில் இல்லாததால், பந்தைத் தரையில் ஊன்றித் திருப்பும் கலையும் அதை எதிர்கொள்ளும் கலையும் டென்னிஸ் பந்தில் முழுமையாகக் கைவருவதில்லை. தோல் பந்துக்கு டர்ஃப் பிட்ச் வேண்டும்: களிமண்ணைப் படிப்படியாகப் பரப்பி, புல் வளர்த்து, நீர் தெளித்து, ரோலரால் நாள்கணக்கில் அழுத்தி, பந்து சீராக எழும்படி இறுகச்செய்த இருபத்திரண்டு கெஜத் தரை. அந்தத் தரையை உண்டாக்குவதும் பேணுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலையாதலால், மாவட்டங்களில் அது அரிதாகவே இருந்தது.

ஐபிஎல் போட்டியிலிருந்து சென்னை அணி 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கிவைக்கப்பட்டிருந்த காலத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தொடங்கிய டிஎன்பிஎல் இந்தப் பின்னணியில் வந்தது. மாநிலச் சங்கத்தில் பதிவுபெற்ற வீரர்களே அதில் ஆடினர்; வெளிநாட்டார் இல்லை. எட்டு அணிகளில் திண்டுக்கல் அணியின் உரிமையைச் சென்னையைச் சேர்ந்த டேக் சொல்யூஷன்ஸ் நிறுவனம் பெற்றது. அணிக்கு வைக்கப்பட்ட டிராகன்ஸ் என்ற பெயர், ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரோடு முதலெழுத்து ஒத்துப்போவதற்காக வைக்கப்பட்டது போலத் தோன்றுகிறது. காரைக்குடி அணி தன்னைக் காளை என்று அழைத்துக்கொண்டபோது, மலைக்கோட்டையும் மாங்காய்ப் பூட்டும் சிறுமலையும் உள்ள ஊருக்கு மண்ணின் மணம் கொண்ட பெயர் ஒன்று கிடைக்காமல் போனது குறையே.

பெயரைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று திண்டுக்கல்லுக்கு அமைந்திருந்தது. நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், மாமரங்களுக்கும் ஆயத்தச் சட்டைத் தையலுக்கும் பெயர்பெற்ற நத்தத்தில், என்பிஆர் கல்லூரி வளாகத்தில் டர்ஃப் பிட்ச்சும் விளக்குக் கோபுரங்களும் கொண்ட கிரிக்கெட் மைதானம் இருந்தது. முதல் பருவத்தின் ஆட்டங்கள் சென்னை சேப்பாக்கம், திருநெல்வேலி சங்கர் நகர், நத்தம் ஆகிய மூன்றே இடங்களில் நடந்தன. எட்டு அணிகளின் பெயரிலும் ஓர் ஊர் இருந்தாலும், சேப்பாக்கத்துக்கு வெளியே தன் மாவட்டத்துக்குள் சொந்த மைதானம் கொண்டிருந்தது திண்டுக்கல் அணி மட்டுமே. திருநெல்வேலியில் மைதானம் இருந்தும் அப்போது அதன் பெயரில் அணி இல்லை. போட்டி நடக்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலம் தென்மேற்குப் பருவமழைக்குரியது என்றாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளிக்குப் பெருமழை வருவது ஐப்பசி கார்த்திகையில்தான். ஆதலால் போட்டிக்குரிய மாதங்களில் இங்கு ஆட்டம் நடத்துவது ஒப்பீட்டளவில் எளிது. இந்த வசதியைத் தேசிய அமைப்பும் பயன்படுத்திக்கொண்டது. 2018 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் துலீப் கோப்பை ஆட்டங்கள் இளஞ்சிவப்புப் பந்தைக் கொண்டு, விளக்கொளியிலும் தொடரும் பகலிரவு ஆட்டங்களாக நத்தத்தில் நடந்தன. 2019 டிசம்பரில் அங்கு நடந்த ரஞ்சி ஆட்டத்தில் கர்நாடகச் சுழற்பந்து வீச்சாளர் கிருஷ்ணப்பா கௌதம் 14 விக்கெட்டுகள் வீழ்த்த, தமிழ்நாடு 26 ஓட்டங்களில் தோற்றது; இந்திய அணியின் வீரர்களை நத்தத்து மக்கள் கைக்கெட்டும் தூரத்தில் கண்டது இத்தகைய ஆட்டங்களால்தான்.

கிளப்பின் முதல் பருவத்திலேயே, பின்னாளில் நாடே அறிந்த ஒரு வீரர் அதன் சீருடையில் வெளிப்பட்டார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த, நெடுநாள் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய தங்கராசு நடராஜன், தூத்துக்குடி அணிக்கு எதிரான ஆட்டம் சமனில் முடிந்ததும் நடந்த சூப்பர் ஓவரை வீசினார். சூப்பர் ஓவர் என்பது, சமனான ஆட்டத்தில் வெற்றியை முடிவுசெய்ய இரு அணிகளும் தலா ஒரே ஓவர் ஆடும் முறை. அந்த ஆறு பந்துகளில் ஒன்று தவறினாலும் ஆட்டம் கைவிட்டுப்போகும். அதில் அவர் யார்க்கர்களாகவே வீசினார். மட்டையாளரின் கால்விரலருகே, மட்டையின் அடி தரையைத் தொடும் இடத்தில் விழும் பந்துதான் யார்க்கர். ஒரு சாண் முன்னே விழுந்தால் அது தூக்கியடிக்க ஏற்ற புல்டாஸ் ஆகிவிடும், ஒரு சாண் பின்னே விழுந்தால் எழும்பி மட்டையின் நடுவுக்கு வந்துவிடும். அழுத்தம் மிகுந்த நேரத்தில் அதை மீண்டும் மீண்டும் இட்ட இடத்தில் இடுவது அரிய திறன். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் அவர் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டத்திலும் ஒரே பயணத்தில் இந்தியாவுக்காக அறிமுகமானார். மாவட்டத்துப் பந்துவீச்சாளர் ஒருவர் சென்னை வழியே படிப்படியாக ஏற வேண்டிய ஏணியைத் தொலைக்காட்சியில் தெரிந்த ஒரு பருவம் எவ்வளவு குறுக்கியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

கோப்பை மட்டும் எளிதில் வரவில்லை. ரவிச்சந்திரன் அஸ்வின் அணியின் முகமாக இருந்தபோதிலும், இந்திய அணியின் பயணங்கள் குறுக்கிட்டதால் பல பருவங்களில் அவரால் முழுமையாக ஆட இயலவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த விக்கெட் காப்பாளர் நாராயண் ஜெகதீசன் வழிநடத்திய 2018ஆம் ஆண்டு அணி இறுதி ஆட்டத்தை எட்டி, மதுரை பாந்தர்ஸிடம் 7 விக்கெட்டு வித்தியாசத்தில் தோற்றது. அந்த மதுரை அணியின் புதிர்ச் சுழலாளர் வருண் சக்கரவர்த்தி, அதே ஆண்டு இறுதியில் 8.4 கோடி ரூபாய்க்கு ஐபிஎல் ஏலத்தில் போனார். பின்னர் 2023இல் அவர் திண்டுக்கல்லுக்காகவே ஆடவந்தார். 2019 இறுதி ஆட்டத்திலும் திண்டுக்கல் சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. அன்று ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தித் திண்டுக்கல்லைச் சாய்த்த ஜி. பெரியசாமி, நடராஜனின் ஊர்க்காரர், அவரிடம் பயின்றவர் என்பது இந்தக் கிளப்பின் வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி.

கொரோனாவால் 2020 பருவம் நடைபெறவில்லை. 2021 பருவம் முழுவதும் சேப்பாக்கத்தில் நடந்தது. அந்த இடைவெளியில் லீக்கின் வரைபடமே மாறிப்போயிற்று. முதல் ஆண்டுச் சாம்பியனான தூத்துக்குடி அணி இடம்பெயர்ந்து சேலம் ஸ்பார்டன்ஸ் ஆனது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸ் என்ற புதுப்பெயரில் களமிறங்கியது. திருவள்ளூரின் பெயரில் தொடங்கிய அணி காஞ்சிக்குப் போய், பின்னர் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. காஞ்சியின் பெயரில் தொடங்கிய மற்றோர் அணி அதற்கு முன்பே திருச்சிக்கு மாறியிருந்தது. முதல் எட்டில் ஊர்ப்பெயர் மாறாமல் நின்றவை சேப்பாக், கோவை, மதுரை, திண்டுக்கல் ஆகிய நான்கே. முதல் மூன்றும் பெருநகரங்கள். சிறுநகரங்களில் மிஞ்சியது திண்டுக்கல் ஒன்றுதான்.

இதற்கு முதன்மையான காரணம் நத்தம் மைதானம் என்று கருத இடமுண்டு. சேலம் மாவட்டம் வாழப்பாடியில் 2020இல் புதிய மைதானம் திறக்கப்பட்டதை அடுத்த பருவத்திலேயே சேலத்துக்கு அணி வந்ததும், மைதானம் இருந்த நெல்லைக்கும் அதே பருவத்தில் அணி வந்ததும் இந்தக் கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. தூத்துக்குடியிலும் காரைக்குடியிலும் ஒரு டிஎன்பிஎல் ஆட்டம்கூட நடக்காமலேயே அவ்வூர்களின் பெயர்கள் நீங்கின. ரசிகர்கள் தங்கள் அணியைத் தங்கள் ஊரில் ஒருமுறையும் காணவில்லை. திருப்பூரும் திருச்சியும் மைதானம் இல்லாமலே அணி பெற்றமையால், மைதானம் மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட இயலாது. அந்நகரங்களின் வணிக வலிமை வேறு கணக்கு. ஆனால் அத்தகைய வணிக வலிமை இல்லாத ஊருக்கு மைதானத்தைவிட்டால் வேறு பிடிமானம் இல்லை.

2023இல் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது. அதுவரை இருந்த டிராஃப்ட் முறையில், வீரர்கள் தரவரிசைப்படி பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் நிலையான ஊதியம் வகுக்கப்பட்டு, அணிகள் முறைவைத்து ஒருவரை ஒருவராக எடுத்துக்கொண்டன. அதற்குப் பதிலாக ஏலம் வந்தபோது, சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது அன்றைய பெரும் விலை. ஏலம் வீரருக்கு நல்லது. ஆயினும் ஊருக்கும் வீரருக்கும் இடையிலான பிணைப்பை அது மேலும் மெலிதாக்குகிறது.

திண்டுக்கல் காத்திருந்த கோப்பை 2024இல் வந்தது. லீக் சுற்றின் முடிவில் முதல் இரண்டு இடங்களுக்குள் வராததால், தோற்றால் வெளியேற வேண்டிய எலிமினேட்டர் ஆட்டத்திலிருந்தே அணி தொடங்க வேண்டியிருந்தது. சுழற்பந்து வீச்சாளராக உலகறிந்த அஸ்வின், அந்தக் கட்டத்தில் மட்டையாளராக அணியைச் சுமந்தார். எலிமினேட்டரில் சேப்பாக் அணிக்கு எதிராக அரைச்சதம். இரண்டாம் தகுதிச் சுற்றில் திருப்பூருக்கு எதிராக 30 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 69. ஆகஸ்டு 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 46 பந்துகளில் 52. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் கோப்பையைக் கைக்கொண்டிருந்த கோவை கிங்ஸ் (2022இல் மழையால் சேப்பாக் அணியோடு பகிர்ந்துகொண்டது) அன்று 129 ஓட்டங்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் தடுமாறிய திண்டுக்கல், அஸ்வினும் பாபா இந்திரஜித்தும் நிதானித்து ஆடியதால் 10 பந்துகள் மீதமிருக்க 6 விக்கெட்டு வித்தியாசத்தில் வென்றது. இரண்டு இறுதித் தோல்விகளுக்குப் பின், தொடங்கி எட்டாண்டுகள் கழித்து வந்த முதல் கோப்பை அது.

அடுத்த ஆண்டு இறுதி ஆட்டமே திண்டுக்கல்லுக்கு வந்தது. அதுவரை சென்னை, கோவை, திருநெல்வேலி ஆகிய இடங்களில் நடந்த இறுதி ஆட்டம், 2025 ஜூலை 6ஆம் நாள் முதன்முறையாக நத்தத்தில் நடந்தது; எலிமினேட்டரையும் இரண்டாம் தகுதிச் சுற்றையும் சொந்த மைதானத்தில் வென்று, திண்டுக்கல் அணியே அதில் ஆடும் தகுதியையும் பெற்றது. எதிரணியான திருப்பூர் தமிழன்ஸ் துஷார் ரஹேஜா, அமித் சாத்விக் ஆகியோரின் அரைச்சதங்களால் 220 ஓட்டங்கள் குவிக்க, திண்டுக்கல் 102 ஓட்டங்களுக்குள் சுருண்டு, 118 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. ஒரு காலத்தில் காரைக்குடி காளையாக இருந்த கிளப்தான் அன்று நத்தத்தில் தன் முதல் கோப்பையை வென்றது. வெற்றியைத் தங்கள் ஊரின் வெற்றியாகக் கொண்டாடும் உரிமை காரைக்குடி மக்களுக்கு இல்லாமல் போயிருந்தது.

திண்டுக்கல்லுக்கு இந்தக் கிளப்பால் விளைந்த நன்மை எது என்று கேட்டால், கோப்பையைவிட மைதானத்தின் புகழையே முதலில் சொல்ல வேண்டும். அணியின் வரலாற்றில் பெரும்பெயர் பெற்றவர்கள் சென்னை, சேலம், கோவைக்காரர்கள்; அது லீக்கின் அமைப்பால் விளைந்தது, அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சேலத்துக்காரரை உயர்த்திய மேடை தன் மாவட்டத்துப் பையனையும் உயர்த்தினால்தான் ஊர்ப்பெயருக்குப் பொருள் வரும். 2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் கிரிக்கெட் மைதானம் மகேந்திர சிங் தோனியால் திறந்துவைக்கப்பட்டுள்ளது. நத்தத்திலிருந்து தொலைவில் இல்லாத அந்தப் பெரிய மைதானம் வந்தபின், தென்மாவட்டங்களின் பெரிய ஆட்டங்கள் இனி நத்தத்துக்கே வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தூத்துக்குடிக்கும் காரைக்குடிக்கும் நேர்ந்தது திண்டுக்கல்லுக்கும் நேராமல் இருக்க, ஊரோடு கிளப்பைப் பிணைக்கும் வேர் வேறு வேண்டும்.

டிஎன்பிஎல் ஓராண்டில் ஒரு மாதத்தைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் நடக்கிறது. எஞ்சிய மாதங்களில், நத்தம், சாணார்பட்டி, வேடசந்தூர், நிலக்கோட்டை வட்டாரங்களின் அரசுப் பள்ளி மாணவர்கள் வாரம் ஒருநாளாவது தோல் பந்தைக் கையிலெடுத்து அந்தப் பிட்ச்சில் வீசிப் பழகும்படி, கிளப்பை நடத்துவோரும் மாவட்டக் கிரிக்கெட் சங்கமும் கல்லூரி நிர்வாகமும் கலந்துபேசி ஏற்பாடு செய்ய வேண்டும். திண்டுக்கல் மக்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.